ஆஸ்பத்திரியை மக்கள் எப்போது நம்புகிறார்கள்?

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நடிகர் விவேக் சென்னையில் காலமானார். இரண்டு நாள் முன்புதான் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவேக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பயப்படாமல் எல்லோரும் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் பேசியிருந்தார். மலேசியாவில் முதியவர்களுக்கான இரண்டாம் கட்டத் தடுப்பூசித் திட்டம் ஏப்ரல் 19, திங்கட்கிழமை தொடங்கவிருந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் விவேக்கின் படம் வந்து சேராத தமிழ்க் கைப்பேசியே இல்லை எனலாம். ஊசி போட்டார், இறந்துவிட்டார் என்பதுதான் எல்லாச் செய்திகளின் சாரமும்.

அரசுத் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற நான் அப்போது எங்கள் வட்டாரத் தடுப்பூசி மையம் ஒன்றில் தன்னார்வலராக உதவிக்கொண்டிருந்தேன். பாட்டி ஒருவர் பேரன் கையைப் பிடித்தபடி வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"ஏம்மா மிஸ்ஸி, விவேக்குக்குப் போட்ட ஊசியா இது?"

"இல்லைங்க பாட்டி. அவருக்குப் போட்டது வேற. அதை இங்க போடறதில்ல. இது பைசர்."

"நீ போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டேன் பாட்டி. ரெண்டு நாள் கையைத் தூக்க முடியல. ஒரு ராத்திரி காய்ச்சலும் அடிச்சுது. அப்புறம் சரியாப் போச்சு."

பாட்டி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார்.

"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்றே நினைக்கிறேன். வலிக்கும், காய்ச்சல் வரும் என்று சொன்னதால்தான் என் மற்ற சொற்களையும் நம்பினார். விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று இந்திய நடுவண் அரசின் நிபுணர் குழு பின்னாளில் அறிவித்தது. அந்த அறிக்கை வரும்வரை பாட்டிகள் காத்திருக்க முடியாது. எதிரில் நிற்கும் மிஸ்ஸியை, அதாவது தாதியை, நம்பலாமா கூடாதா என்று அவர்கள் அந்த நிமிடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

அந்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதையும் ஆராயும் துறை ஒன்று இருக்கிறது. அதற்கு மருத்துவச் சமூகவியல் என்று பெயர். நோய்க்கிருமியை மருத்துவர் ஆராய்கிறார். மருத்துவரையும் நோயாளியையும் ஆஸ்பத்திரியையும் அரசாங்கத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்பவர் சமூகவியலாளர். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மெக்கானிக், தன் மருத்துவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையையும் மருத்துவ அமைப்பின்மேல் வைக்கும் நம்பிக்கையையும் பிரித்துக் காட்டினார். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போகலாம். பாட்டிக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. தடுப்பூசித் திட்டத்தின்மேல் வந்ததா என்பது வேறு கேள்வி.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர் ஒருவர் எங்கள் பினாங்கிலேயே பணியாற்றியிருக்கிறார். அவர் பெயர் சீ ஹெங் லெங். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையத்தில் இருந்தவர். சைமன் பராக்ளோவுடன் சேர்ந்து அவர் தொகுத்து 2007-இல் வெளிவந்த மலேசிய மருத்துவச் சேவை பற்றிய நூல், அப்பல்கலைக்கழகத்தில் படித்த என் மகள் வழியாக என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியை நடத்துவது யார், அதற்குப் பணம் தருவது யார், உள்ளே நுழைய முடிவது யாரால் என்ற மூன்று கேள்விகள்தான் அந்த நூல். வார்டில் நின்று நான் பார்த்ததெல்லாம் அதில் காரண காரியத்தோடு விளங்கியது. படிக்கப் படிக்க எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றுதான். மருத்துவம் பார்ப்பவர் தனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று தெரிந்தால் ஏழை நம்புகிறான். அவர் வேறு யாருக்கோ பதில் சொல்பவர் என்று தெரிந்தால் விலகிக்கொள்கிறான்.

தோட்டத்து டிரசரும் கம்பத்து மருத்துவச்சியும்

செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு டிரசரைத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கலவை மருந்து ஊற்றித் தருவார், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பார். அதே டிரசர்தான், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவனுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா என்பதையும் தீர்மானிப்பார். அவர் சீட்டுக் கொடுக்காவிட்டால் அன்றைய பேர் போச்சு, கூலியும் போச்சு. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். நல்ல டிரசர்கள் பலர் இருந்தார்கள். இரவில் சைக்கிள் மிதித்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து உயிர்களைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் அவர் துரையின் ஆள் என்பது லயத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் திரும்ப வேண்டும் என்று என் தாத்தா சொல்வார். கடைசி நேரத்தில் போனவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களைப் பார்த்தவர்கள் கடைசி நேரம்வரை போகாமல் இருந்தார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெனோர் மேண்டர்சன் 1870 முதல் 1940 வரையிலான மலாயாவின் நோய், மருத்துவ வரலாற்றை ஆராய்ந்து 1996-இல் ஒரு நூல் எழுதினார். காலனி அரசு தொழிலாளியின் உடம்பை முதலில் உழைப்பாகத்தான் பார்த்தது என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். தாத்தா ஒரு வரியில் சொன்னதன் பின்னணி அந்த நூலில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் இதே நாட்டில் நடந்தது. 1950 அளவில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. இது எப்படி முடிந்தது என்பதை மலேசிய மருத்துவர் இந்திரா பத்மநாதனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மலேசியாவையும் இலங்கையையும் ஒப்பிட்ட அவர்களின் நூலை உலக வங்கி 2003-இல் வெளியிட்டது.

கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்கள் கட்டப்பட்டன. கிளினிக் டேசா என்று நாம் சொல்வது அதைத்தான். மருத்துவச்சி வேலையில் முறையாகப் பயிற்சி பெற்ற பெண் அங்கேயே குடியிருந்தார். அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனார். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஏற்கெனவே பிரசவம் பார்த்துவந்த வயதான மருத்துவச்சிகளை அரசு விரட்டவில்லை. அவர்களைப் பதிவு செய்தது, பழக்கியது. பிரசவம் அரசு மருத்துவச்சியின் கையில். உடம்பு பிடித்துவிடுவதும் சடங்குகளும் பழைய மருத்துவச்சியின் கையில். மக்கள் நம்பிய கிழவியே, "இந்தப் பொண்ணுகிட்டப் போ" என்று சொன்னபோது தாய்மார்கள் போனார்கள்.

1991 முதல் மலேசியாவில் ஒவ்வொரு தாய் மரணமும் ரகசியமாக விசாரிக்கப்படுகிறது. யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதற்காக. கர்ப்பிணியின் புத்தகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நாங்கள் ஒட்டிய வண்ணக் குறிகளும் இந்த அக்கறையின் பகுதிதான். சிவப்பு என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. அந்த வண்ணத்தின் பொருள் எழுதப் படிக்கத் தெரியாத மாமியாருக்கும் தெரியும். மருமகளின் புத்தகத்தில் மஞ்சளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பச்சை இல்லையா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். தன் கண்ணால் பார்த்துத் தானே கேள்வி கேட்க முடிகிற இடத்தில் பயத்துக்கு இடம் குறைவு.

மக்கள் கண்டதைக் கேட்காதபோது

1998 செப்டம்பரில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைக்காரர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். முதலில் பன்றிகள் இருமின, பிறகு மனிதர்கள் படுத்தார்கள். நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போய்ச் சேர்ந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

புதிய கிருமியை உடனே கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம். ஆனால் பண்ணைக்காரர்கள் கண்டது அப்போதே ஆதாரமாக மதிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவியல் படித்தவர் பேசுவார், படிக்காதவர் கேட்டுக்கொள்வார் என்ற ஏற்பாட்டில் நம்பிக்கை மட்டும் போவதில்லை. உயிரும் போகிறது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகளை அரசு மருத்துவர்கள் பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல். அந்த மக்கள் மருத்துவரைச் சந்தேகித்தால் அதை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஒரு வெள்ளியின் மதிப்பு

சீ ஹெங் லெங்கின் ஆய்வுகளுக்குத் திரும்புகிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பிள்ளைகள் பால்மரத்தை விட்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். விடியற்காலையில் ஆலைப் பேருந்து வந்து அவர்களைப் பிறைக்கும் பாயான் லெப்பாசுக்கும் ஏற்றிப்போனது. செமிகண்டக்டர் ஆலைப் பெண்களின் தோள், கழுத்து, கால் வலிகளை சீ ஹெங் லெங், மருத்துவர் கே.ஜி. ரம்பாலுடன் சேர்ந்து ஆராய்ந்தார். வலி அந்தப் பெண்களின் கற்பனை அல்ல, நிற்கும் முறையிலும் வேலை முறையிலும் இருந்து வருவது என்பதைப் பதிவு செய்த ஆய்வு அது. ஆலை கைகாட்டிய கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாளே வேலைக்குத் திரும்பிய பெண்கள், என்னிடம் வந்து, "இது நெசமாவே வலிதானே மிஸ்ஸி?" என்று கேட்டிருக்கிறார்கள். டிரசர் காலத்துக் கேள்விதான் மறுபடியும். இந்த டாக்டர் யாருடைய ஆள்?

1983-இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்ட பிறகு, அரசு மருத்துவச் சேவை பகுதி பகுதியாகக் கைமாறத் தொடங்கியது. முதலில் மருந்துக் கிடங்கு, பிறகு 1990களின் பிற்பகுதியில் ஆஸ்பத்திரித் துப்புரவு, சலவை, கருவிப் பராமரிப்பு. சீ ஹெங் லெங்கும், அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சான் சீ கூனும் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து எழுத்தில் வைத்தார்கள். பாதிக்கப்படப்போகிற பொதுமக்களையும் அந்த விவாதத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2008 டிசம்பரில் தேசிய இருதயக் கழகத்தை சைம் டார்பி வாங்க முன்வந்தது. எங்கள் மக்களுக்குத் தோட்ட முதலாளியாகத் தெரிந்த நிறுவனம் அது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, அரசு முடிவைத் தள்ளிவைத்தது. அந்த ஆஸ்பத்திரியை மக்கள் தங்களுடையது என்று நினைத்தார்கள், அதனால் எதிர்த்தார்கள்.

அரசு வெளிநோயாளர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இதைப் பழகிப்போன சலுகையாகப் பார்க்கிறோம். நான் அதை நம்பிக்கையின் அடித்தளமாகப் பார்க்கிறேன். என் முன்னால் இருக்கும் மருத்துவருக்கு என்னிடம் கூடுதலாக ஒரு பரிசோதனை எழுதுவதில் லாபம் இல்லை என்று நோயாளிக்குத் தெரிகிறது. அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

மறுபக்கம், மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் இந்தோனேசியர்கள் பினாங்குத் தனியார் மருத்துவமனைகளைத் தேடி வருகிறார்கள். மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைப் பற்றி ஆண்ட்ரியா விட்டேக்கர், போர் ஹியோங் ஹோங் ஆகியோருடன் சீ ஹெங் லெங் 2017-இல் எழுதிய கட்டுரை, நம்பிக்கை, பண்பாட்டு நெருக்கம், வரலாறு ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. மக்கள் கட்டணப் பட்டியலைப் பார்த்து மட்டும் கடல் கடப்பதில்லை. முன்பு வந்து குணமான அத்தை சொல்கிறார், தன் மொழியில் மருத்துவர் பேசுகிறார், கேட்டதற்கு உட்கார்ந்து விளக்குகிறார். அதற்காக வருகிறார்கள். பணம் கட்டுபவருக்கு உட்கார்ந்து விளக்க முடிகிறது என்றால், 1 வெள்ளி கட்டுபவருக்கும் அந்த நேரம் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவர்களும் தாதிகளும் தனியாருக்குப் போய்க்கொண்டே இருந்தால் அது கிடைக்காது.

சர்க்கரையும் மௌனமும்

தமிழர்களாகிய நமக்கு இது மிக அவசரமான விஷயம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலேசிய இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். தண்ணீர் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தபோது, கதவுத் தட்டில் ஆஸ்பத்திரி கொடுத்த இன்சுலின் பேனாக்கள் பிரிக்காமலேயே அடுக்கியிருந்தன. கிளினிக்கில் கேட்டால் தினமும் போடுகிறேன் என்பாராம். "இன்சுலின் போட ஆரம்பிச்சா கிட்னி போயிரும்னு சொல்றாங்க தங்கச்சி. எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார். அவர் தந்தைக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் இன்சுலினே தொடங்கியிருக்கிறார்கள். சர்க்கரைதான் கெடுத்தது, ஊசி அல்ல. இதை யாரும் அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்பதால் அவரும் கிளினிக்கில் கேட்டதில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் நோயாளி சண்டை போடுவதில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். சீட்டில் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் மருத்துவருக்கு, மருந்து பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை என்பது தெரியாது.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதும் வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. வதந்தியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்குள்தான் வதந்தி எளிதாக நுழைகிறது.

என்ன செய்தால் நிலைமை மாறும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2021-இல் ரத்தக்கட்டுப் பயத்தால் அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசியைப் பலர் வேண்டாம் என்றார்கள். அரசு அதைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, அபாயம் எவ்வளவு என்று விளக்கி, விரும்பியவர்கள் மட்டும் பதிவு செய்யலாம் என்று சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் திறந்துவிட்டது. மே 2 அன்று சுமார் 2,68,000 இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின. மருந்து மாறவில்லை. மக்களைப் பெரியவர்களாக மதித்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் நாட்டு மருந்தையும், சாப்பிடாமல் வைத்திருக்கும் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னும் பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, அப்படிச் சொல்பவரைத் திட்டாதீர்கள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெற்றோர்களே, மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளை சமூகவியல் படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். நம் மக்கள் ஏன் ஊசியை மறைக்கிறார்கள், ஏன் கடைசி நேரத்தில் வருகிறார்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதத் தெரிந்த ஆய்வாளர்கள் நமக்கு வேண்டும்.